உக்கிராணக்காரர்

கல்யாண வீட்டில் உக்கிராணக்காரர் என்று ஒருவர் இருப்பார். மாப்பிள்ளைக்கு விழும் மாலையோ, நாயனக்காரருக்குக் கிடைக்கும் சபாஷோ அவருக்கு இல்லை. ஆனால் அவர் அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் பந்தி நின்றுவிடும். சமையற்காரர் சாமானுக்காகக் கடைத்தெருவில் அலைவதில்லை. வேண்டியதை ஜாபிதாவாக எழுதிக் கொடுத்துவிடுவார். அரிசியும் பருப்பும் நெய்யும் எடுத்துக் கொடுப்பது உக்கிராணக்காரர் பொறுப்பு.

கணிப்பொறி உலகத்திலும் இப்படி ஓர் உக்கிராணக்காரர் உண்டு என்பதை என் தங்கை மகள் சொல்லித்தான் அறிந்தேன். அவள் ஜாவா மொழியில் நிரல் எழுதிச் சம்பாதிக்கிறவள். அவள் சொன்னவருக்கு ஸ்பிரிங் என்று பெயர். ராட் ஜான்சன் என்பவர் 2002-ல் எழுதிய ஒரு புத்தகத்தோடு கொடுத்த நிரலிலிருந்து வளர்ந்து, 2004 மார்ச்சில் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்தது. அதற்குமுன் இருந்த ஏற்பாடுகள் பனிக்காலம் என்றால் இது வசந்தம் என்ற கருத்தில் வைத்த பெயர்.

"ஒவ்வொரு நிரல் பகுதியும் தனக்கு வேண்டியதைத் தானே தேடிண்டு போகாது, மாமா. வாசல்லே ஜாபிதா எழுதி வச்சுடுவோம். ஸ்பிரிங் கொண்டுவந்து கொடுத்துடும். ஒரு சாமான் குறைஞ்சாலும் அடுப்பு மூட்டவே விடாது" என்றாள்.

எனக்கு அது பிடித்துவிட்டது. பாதிப் பந்தியில் உப்பு இல்லை என்று தெரிவதைவிட விடியற்காலையிலேயே தெரிவது எவ்வளவோ மேல் அல்லவா?

உக்கிராணக்காரருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒருவர் கணக்கில் பணத்தைக் கழித்து மற்றவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுமே நடக்கக் கூடாது. இதற்குப் பரிவர்த்தனை என்று பெயர். இந்தத் துறையில் உழைத்த ஜிம் கிரே என்பவருக்கு 1998-ல் டூரிங் விருது கிடைத்தது. ஸ்பிரிங்கில், ஒரு பகுதியின் தலைப்பில் 'டிரான்சாக்ஷனல்' என்று ஒரு சொல் எழுதினால் போதும். உக்கிராணக்காரர் அந்தப் பகுதியின் வாசலில் ஒரு காவலாளை நிறுத்துவார். உள்ளே போகும்போது அவன் கணக்கைத் திறப்பான். நல்லபடி முடிந்தால் மூடுவான். நடுவில் இடறினால் எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைப்பான்.

இவ்வளவு பக்காவான ஏற்பாட்டில்தான் ஒரு நாள் பணம் காணாமற் போயிற்று.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம். இரவு பதினொரு மணிக்கு டெலிபோன் அடித்தது. அவளுடைய கம்பெனியின் செயலியில் ஒரு தகப்பனார் தம் மகளின் விடுதிக் கட்டணத்துக்காக 18,000 ரூபாய் மாற்றியிருக்கிறார். அவர் கணக்கில் கழிந்துவிட்டது. மகள் கணக்கில் வரவில்லை. மறுநாள் கட்டணம் கட்டக் கடைசி நாள்.

"அந்த இடம் நான் எழுதினது, மாமா" என்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

திண்ணையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். இக்காலத்து நிரல்கள் தம் நடமாட்டத்தைத் தாமே எழுதி வைக்கின்றன. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3-லிருந்து மைக்ரோமீட்டர் என்ற கருவியின் மூலம் இது சுலபமாகியிருக்கிறதாம். உள்ளே வரும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் எண். அது போகும் இடமெல்லாம் அந்த எண்ணோடு ஒரு குறிப்பு. அந்தத் தகப்பனாரின் எண்ணைப் பிடித்துக்கொண்டு அவள் வரிவரியாகப் போனாள். பணம் கழிந்தது என்று ஒரு வரி. மகளின் கணக்கு புதிது. அதில் ஒரு விவரம் காலியாக இருந்ததால் அடுத்த படி இடறிற்று என்று ஒரு வரி. திருப்பி வைத்ததாக வரியே இல்லை.

பிறகு தன் சோதனைக் கணினியில் அதையே நடத்தி, காவலாளின் பேச்சையும் எழுதும்படி செய்தாள். அப்போதும் அவன் கணக்கைத் திறந்ததாக ஒரு சொல்கூட இல்லை.

ஒரு மணி சுமாருக்கு அவளுக்கு விளங்கிற்று. காவலாள் நிற்பது வாசலில். வெளியிலிருந்து வருகிறவர்களைத்தான் அவன் பார்ப்பான். அவள் எழுதியதிலோ, ஒரே வகுப்புக்குள் இருக்கும் ஒரு பகுதி பக்கத்துப் பகுதியைத் தானே கூப்பிட்டது. வீட்டுக்குள்ளேயே கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகிறவன் வாசலைத் தாண்டுவதில்லையே! தலைப்பில் சொல் இருந்தது, காவல் இல்லை. முன்பு சோதித்தபோது அதே பகுதியை வெளியிலிருந்து நேராக அழைத்துப் பார்த்தாள். அப்போது காவலாள் இருந்தான். எல்லாம் சரியாக நடந்தது.

திருத்தம் பத்து நிமிஷ வேலை. அந்தப் பகுதியைத் தனி வகுப்பாகப் பிரித்து, ஜாபிதாவில் சேர்த்துவிட்டாள். இனி அழைப்பு வாசல் வழியாகத்தான் போகும்.

தகப்பனாரின் பணத்தைச் சரிசெய்ய ஏற்பாடு ஆயிற்று. கூட வேலை செய்யும் ஒருவர், "நெட்வொர்க் கோளாறு என்று எழுதிவிட்டுத் தூங்கு" என்றாராம். நானும் வாயைத் திறக்காமல் அதையே நினைத்தேன். மருமகள் மேல் உள்ள பாசம் அப்படி.

அவள் எழுதவில்லை. "நெட்வொர்க்குன்னு எழுதினா இது இன்னிக்கு மட்டும் நடந்ததாயிடும், மாமா. என் தப்புன்னா ஒரு வருஷமா நடந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பழைய கணக்குகளைத் துழாவினாள். கழிந்து சேராத தொகை இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்று 300 ரூபாய், ஒன்று 1,250. அவர்கள் புகார் செய்யவே இல்லை. பெரிய இடத்தில் யாரிடம் போய்க் கேட்பது என்று விட்டுவிட்டார்களோ என்னவோ!

அறிக்கையின் முதல் வரியில், "பிழை என்னுடையது" என்று எழுதினாள். அடுத்த வரியில் மூன்று பேருடைய கணக்கு எண்களையும் எழுதினாள். காலையில் மூவருக்கும் பணம் திரும்பியது.

அந்த 300 ரூபாய்க்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. தம் பணம் எப்படித் திரும்பி வந்தது என்று அவருக்கும் தெரிந்திருக்காது.