சவ்வுக்கு அடியில்

பயாப்ஸி அறிக்கை ‘இயல்பானது’ என்று வந்தது. பொய்யில்லை. என் இரைப்பையில் தெரிந்த 12 மில்லிமீட்டர் மேட்டின்மேல் உள்சவ்வு வழவழப்பாக, ஒரு பழுதும் இல்லாமல் படிந்திருக்கிறது. எண்டாஸ்கோப்பியின் இடுக்கி கிள்ளியது அந்தச் சவ்வைத்தான். மேடு அதற்குக் கீழே இருக்கிறது.

ஒரு கவிதையில் இரண்டு வரியைக் கிள்ளி மேற்கோளாக வைத்துத் தீர்ப்புச் சொல்லும் நமக்கு இது பழக்கமான அறிக்கை. ‘ஆழம்’ என்ற சொல்லையும் நாம் மலிவாக்கிவிட்டோம். மருத்துவத்தில் ஆழம் என்றால் எந்த அடுக்கு என்று சொல்லியாக வேண்டும். எண்டாஸ்கோப்பின் முனையில் பொருத்திய அல்ட்ராசவுண்டில் இரைப்பைச் சுவர் வெளுப்பும் கறுப்பும் மாறிமாறி ஐந்து அடுக்குகளாகத் தெரிகிறது. மூன்றாவதில் வெளுப்பாக இருந்தால் பெரும்பாலும் கொழுப்புக் கட்டி. இடுக்கியால் அழுத்தினால் தலையணைபோல் குழியும். நான்காவதில், தசையில், கறுப்பாக இருந்தால் தீங்கற்ற தசைக் கட்டியாக இருக்கலாம். புற்றாக வளரக்கூடிய ஜிஸ்ட்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஜிஸ்ட்டைப் பலகாலம் தசைக் கட்டி என்றே எண்ணியிருந்தார்கள். அதில் கிட் என்ற மரபணு பிறழ்ந்திருப்பதை ஜப்பானில் ஹிரோட்டாவும் சகாக்களும் 1998-ல் காட்டினார்கள்.

என்னுடையது நான்காவது அடுக்கு.

சிகிச்சையில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. 2008-ல் ஹாருஹிரோ இனோவே, விழுங்கமுடியாத நோயாளி ஒருவரின் உணவுக்குழாய்ச் சவ்வில் சிறு கீறலிட்டு, அடியில் சுரங்கம்போல் வழி செய்து தசையை அறுத்தார். பிறகு அதே வழியில் கட்டிகளையும் எடுக்கத் தொடங்கினார்கள். கீறல் கட்டிக்கு நேர்மேலே விழாது. சில சென்டிமீட்டர் தள்ளி விழும். கட்டி வந்தபின் வாயிலைக் கிளிப்பால் மூடிவிடுகிறார்கள். தசையில் துளை விழுந்தாலும் கெடாத சவ்வு காப்பாக நிற்கிறது. மேல்பரப்பைக் கிழித்துக் காட்டுவதையே ஆழம் என்று சொல்லிவரும் நம் விமர்சனம் இதைக் கவனிக்கலாம்.

இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த, விளிம்பு ஒழுங்கான மேட்டைப் பெரும்பாலும் அளந்துகொண்டு காத்திருப்பதே முறை. வீட்டில் ‘ஒன்றுமில்லையாமே’ என்று நிம்மதியாக இருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்பது வேறு, இன்னும் தெரியவில்லை என்பது வேறு என்று அவர்களுக்குச் சொல்ல மனசு வரவில்லை. ராத்திரியில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டர் எழுதியது ‘சவ்வுக்கு அடியில் ஒரு மேடு’ என்பது மட்டும். அது நோயின் பெயர் இல்லை, இருக்கும் இடம். பெயர் தெரியாதபோது இடத்தை மட்டும் குறித்து, அளவும் போட்டு, மறுபடி பார்க்கவேண்டும் என்று முடித்திருக்கிறார். முதல் தொகுதி போட்ட கவிஞன் ஒருவனுக்கு இப்படி எழுதிய மதிப்புரையை நான் படித்ததில்லை.