கூச்சத்துக்கு உபதேசம் மருந்தல்ல

"உங்களுக்கு எழுதுறது லேசு தம்பி, அந்தக் கட்டிலிலை ஏறிப் படுக்கிறது நாங்களெல்லோ!" என்றார் உறவுக்கார அக்கா ஒருவர், சுகவனிதையர் கிளினிக் பற்றி நான் எழுதிய கட்டுரையை வாசித்துவிட்டு.

இலங்கையில் 1996 இல் தொடங்கப்பட்ட இக்கிளினிக்குகளில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே அறிவதற்கான பாப் பரிசோதனை இலவசமாகவே செய்யப்பட்டு வந்துள்ளது. எனினும் யாழ்ப்பாணத்தில் என் அயலிலேயே அதனைத் தள்ளிப்போட்டவர்கள் பலர். காரணம் அறியாமை என்று மேடைகளிற் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையிற் தடுப்பது கூச்சமே. பரிசோதிப்பவர் தெரிந்தவராயிருந்தால் அது இரட்டிப்பாகிறது.

இந்நோய்க்கு மூலகாரணம் எச்.பி.வி. வைரஸ். அதனைக் கண்டறிய, பெண் தானே மறைவாக நின்று, மென்மையான குச்சியொன்றை யோனிக்குள் செலுத்திச் சுழற்றி எடுக்கும் மாதிரியே போதுமானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டல் இம்முறையை ஏற்றுக்கொண்டுள்ளது. "நான் சரியாக எடுத்தேனோ?" என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆயினும் பி.சி.ஆர். முறையிற் சோதித்தால், வைத்தியர் எடுக்கும் மாதிரிக்கு இது ஏறக்குறைய நிகரானதே.

வைரஸ் இருப்பதாலேயே புற்றுநோய் என்றாகிவிடாது. ஆனால் அதன்பின் கிளினிக்குக்குப் போயே ஆகவேண்டும். அந்த இரண்டாவது படியில் அவளைத் தனியே விட்டுவிட்டால், முதற்படியை இலகுவாக்கியதில் என்ன பயன்?