பூச்சுக்குள் மறைந்த வெடிப்பு

திருத்தணியில் நான் வாங்கிய பழைய வீட்டின் தாய்ப்பத்திரம் தெலுங்கில் இருந்தது. இவ்வூர் 1960இல்தானே ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது! அதைப் படித்தறியப் பட்ட பாட்டைச் சுவரைத் தட்டிப் பார்ப்பதில் படவில்லை. முதல் மழையிலேயே புதுப்பூச்சு உதிர்ந்து, நெடிய வெடிப்பு தெரிந்தது.

‘கியாருல் ஐப்’ பாடத்தைப் பல்லாண்டு நடத்தியவன் நான். விற்ற பொருளில் குறை மறைந்திருந்தால் வாங்கியவர் அதைத் திருப்பித் தரலாம். அறிந்த பின்னும் மனமொப்பிப் பயன்படுத்தினால் அவ்வுரிமை போய்விடும். மழைக்காலத்தில் பிள்ளைகளோடு எங்கே போவது?

வக்கீல் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவைக் காட்டினார். சாதாரணக் கவனத்தில் புலப்படாத முக்கியக் குறையை, தெரிந்திருந்தும் விற்பவர் சொல்லாதிருப்பது மோசடியாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் விதிக்கும் 5 ஆண்டுப் பொறுப்போ, கட்டி விற்கும் நிறுவனத்தாருக்கே. விற்றவர் அறிந்திருந்தார் என்பதை நான்தான் நிறுவ வேண்டும். பூச்சுப் பூசிய கொத்தனாரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.