செம்மநத்தத்தில் குடியேறலாமா?

கோடைக் காலம் பிறந்துவிட்டால் சேலத்து நண்பர்களிடையே ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "ஏற்காட்டுப் பக்கம் பத்து சென்ட் நிலம் வாங்கிப் போட்டு, சின்னதாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, நாலு காப்பிச் செடியும் கொஞ்சம் காய்கறியுமாக நிம்மதியாய் இருந்துவிடலாமே!" என்பதுதான் அந்தப் பேச்சு. ஏற்காட்டு ஏரிக்கரையில் பிறக்கும் இந்த ஆசை, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக் கீழே இறங்கி அஸ்தம்பட்டிக்கு வருவதற்குள் பெரும்பாலோருக்குத் தெளிந்துவிடுகிறது. தெளியாதவர்கள் சிலர் உண்டு. அவர்கள் இப்போது ஏற்காட்டு ஊரில் நிலம் எட்டாத விலை என்று கேள்விப்பட்டு, சுற்றுப்புறக் கிராமங்களின் பெயர்களை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று அந்தப் பெயர்கள் வளர்கின்றன.

அமெரிக்க தேசத்தில் இந்த ஆசையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே 3,100க்கு மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. கவுண்டி என்பதை நம்முடைய ஜில்லாவுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள், ஒவ்வொரு கவுண்டியிலும் உணவுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு, வைத்தியத்துக்கு எவ்வளவு, குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு எவ்வளவு, போக வர எவ்வளவு என்று தனித்தனியே கணக்கிட்டு, ஒரு குடும்பம் பிறர் தயவில்லாமல் ஜீவிக்க மணிக்கு இன்ன கூலி வேண்டும் என்று வெளியிடுகிறார்கள். அந்தக் கணக்கைப் புரட்டினால் ஒரு விசித்திரம் தெரியும். கிராமாந்தரக் கவுண்டியில் வீடு மலிவு. ஆனால் உப்புப் புளி வாங்குவதற்கும் மோட்டாரில் ஏறவேண்டும். 2010ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்நாட்டுக் கிராமப்புறங்களில் நூற்றுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டுவிட்டன. வீட்டு வாடகையில் மிச்சம் பிடித்ததைப் பிரசவ காலத்தில் பெட்ரோலுக்குக் கொடுக்கவேண்டியதாகிறது.

இப்படி ஊரை நிறுத்துப் பார்க்கும் வேலை நமக்கும் புதிதன்று. சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கு அனுப்பி, குடும்பம் குடும்பமாக வரவு செலவு விசாரித்து எழுதிவரச் செய்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அந்த விவரங்கள் 1918இல் புத்தகமாக வெளிவந்தன. நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, காந்தியடிகளின் குஜராத் வித்யாபீடத்திலிருந்து மாணவர்களோடு புறப்பட்டு, 1929-30இல் கேடா ஜில்லாவின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாக அலைந்து இதே காரியத்தைச் செய்தார். இவர்கள் கேட்ட கேள்விக்கும் நம் சேலத்து நண்பர்கள் கேட்கும் கேள்விக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நண்பர்கள் கேட்பது, "நிலம் என்ன விலை?" என்று. குமரப்பா கேட்டது, "இங்கே இருப்பவர் என்ன சம்பாதிக்கிறார், என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு கடன் பட்டிருக்கிறார்?" என்று. நாம் செம்மநத்தத்துக்குப் போனபோது இரண்டாவது கேள்வியையே கையில் எடுத்துக்கொண்டு போனோம்.

சேர்வராயன் மலையின் அழகைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை முடியாது. சமுத்திர மட்டத்துக்குமேல் சுமார் 1,500 மீட்டர் உயரம். வெயில் கொளுத்தும் சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் பிரயாணம். ஏறுகிற வழியிலேயே காற்றின் குணம் மாறிவிடும். படகு விடும் ஏரி, சீமாட்டியின் ஆசனம், பூச்செடிப் பண்ணை ஆகியவற்றை வாசகர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆதலால் அவற்றைத் தாண்டிக் கிராமங்களின் பக்கம் போவோம்.

செம்மநத்தம் ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சி. பெயரின் முன்பகுதி செம்மண்ணை நினைவூட்டுகிறது. இந்த மலையின் உச்சிப் பாகங்களில் அலுமினியம் எடுக்கும் பாக்ஸைட் கனிமம் உண்டாதலால், பல இடங்களில் மண் குங்குமம் கரைத்ததுபோலவே இருக்கும். பெயரின் பின்பகுதிதான் நமக்கு முக்கியம். ரெவினியூ பாஷையில் நத்தம் என்றால் உழுவதற்கல்லாமல் வீடு கட்டிக் குடியிருப்பதற்கென்று விட்ட நிலம். குடியேறலாமா என்று நாம் யோசிக்குமுன்பே இங்கே ஜனங்கள் குடியிருந்து, அந்தக் குடியிருப்பையே ஊருக்குப் பெயராகவும் வைத்துவிட்டார்கள்.

அவர்கள் யார்? ஏற்காடு தாலுகாவின் ஜனங்களில் பெரும்பாலோர் மலையாளிகள். கேரளத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்வதால் மலையாளிகள். காஞ்சீபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து, ஆளுக்கு ஒரு மலையாகச் சேர்வராயனிலும் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கிவிட்டதாக அவர்களுடைய கர்ண பரம்பரைக் கதை சொல்லுகிறது. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்புப்படி தமிழ்நாட்டில் இவர்கள் சுமார் மூன்றரை லட்சம் பேர். சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து உண்டுவந்தவர்கள். 1820ஆம் ஆண்டை ஒட்டிச் சேலத்துக்குக் கலெக்டராக வந்த காக்பர்ன் துரை, இம்மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். ஆரஞ்சும் பேரிக்காயும் கூட வந்தன. அதன் பிறகு காட்டின் பெரும் பாகம் தோட்டமாயிற்று; சாமை விதைத்த கைகள் கூலிக்குக் காப்பிப் பழம் பறிக்கும் கைகளாயின. நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருப்பதைப் பார்த்து, "ஆஹா, என்ன வளம்!" என்று நாம் வியக்கிறோம். அந்த வளம் யாருடையது என்பது வேறு விஷயம்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். இந்திய அரசாங்கம் 2022-23இல் நடத்திய குடும்பச் செலவு விசாரணையின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு சராசரி ரூ. 5,310. விலையில்லாமல் கிடைக்கும் பண்டங்களைச் சேர்க்காத கணக்கு இது. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ரூ. 21,240 ஆகிறது. தோட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் கூலி என்றே வைத்துக்கொள்வோம். புருஷனும் மனைவியுமாக இருவரும் மாதம் இருபது நாள் வேலை செய்தால் இருபதினாயிரம். ஏறக்குறைய சரிக்கட்டிவிடுகிறது அல்லவா? ஆனால் காப்பிப் பழம் பறிப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையில்தான். அதற்குப் பிறகு மிளகு கொஞ்சம் கை கொடுக்கும். மற்ற மாதங்களில் வேலை பத்து நாளாகக் குறைந்தால் வரும்படி பதினாயிரம். சோறும் துணியும் பள்ளிக்கூடச் செலவும் பாதியாகக் குறைவதில்லை. 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைத்துவருவது இந்த இடத்தில்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. வேலையற்ற மாதங்களில் பலர் மலையை விட்டு வெளியூர்க் கூலிக்கு இறங்கிவிடுகிறார்கள்.

பருப்பு, எண்ணெய், சோப்பு, சிமிண்டு, செங்கல், இரும்புக் கம்பி எல்லாம் கீழேயிருந்து அந்த இருபது வளைவுகளையும் ஏறித்தான் வரவேண்டும். ஏறுகிற கூலியை வாங்குகிறவன்தான் கொடுக்கிறான். மலையில் விளைகிற மிளகும் காப்பியும் கீழே இறங்குகின்றன. இறங்குகிற கூலியையும் விற்கிறவன்தான் கொடுக்கிறான். இரண்டு பக்கமும் மலைவாசிக்கே செலவு வைக்கும் இந்த விந்தையான தராசை ஆராய்ச்சிக்காரர்கள் யாராவது கவனித்தால் நல்லது.

வழியில் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், "பாட்டி, உங்கள் ஊரில் பிழைப்பு மலிவா, கிராக்கியா?" என்று கேட்டோம். அவள் நம் செருப்பையும் சட்டையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "கீழேயிருந்து வர்ற உங்களுக்குச் சல்லிசுங்க சாமி. எங்களுக்குத்தான் எல்லாமே கிராக்கி" என்றாள். ஸ்லேட்டர் துரையின் மாணவர்கள் பத்துப் பக்கத்தில் எழுதியிருக்கக்கூடிய விஷயம் அது.

தண்ணீர் விஷயம் இன்னும் விசித்திரம். ஏரியும் காடும் சேர்ந்து பெயரான இந்த மலையில் வருஷத்துக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் சரிவில் பெய்த மழை சரிவில் நிற்பதில்லை. கோடையில் ஊற்றுக்கண் சுருங்கினால், தலையில் குடம் ஏற்றி மேட்டிலும் பள்ளத்திலும் நடப்பவர்கள் பெண்கள்தான். அவர்கள் நடையைச் செலவுக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. குடியேற நினைக்கும் நண்பரோ ஆழ்குழாய்க் கிணறு தோண்டிக்கொள்ளலாம் என்பார். அப்படிப் பத்து வீட்டுக்காரர்கள் தோண்டினால் கீழ்ச் சரிவில் இருக்கும் ஊற்று என்னவாகும் என்பதை அவரும் அவருடைய மேஸ்திரியும் உட்கார்ந்து யோசிக்கவேண்டும்.

வைத்தியத்துக்கு நாகலூரில் ஆரம்ப சுகாதார நிலையமும் ஏற்காட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. 2008 முதல் 108 வண்டியும் ஓடுகிறது. ஜுரத்துக்கும் தலைவலிக்கும் இவை போதும். மாரடைப்பு என்றாலோ, சிக்கலான பிரசவம் என்றாலோ, சேலத்து மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரிதான் கதி. பகலில் மலைப்பாதையில் இறங்குவது உல்லாசம். மார்கழி மூடுபனியில், நடுநிசியில், நோவெடுத்த பெண்ணை வைத்துக்கொண்டு இறங்குவதை உல்லாசமென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஓய்வு பெற்று மன நிம்மதி தேடி மலைக்குப் போகும் அறுபது வயதுப் பெரியவர்களுக்கு இந்த ஒரு பாராவைத் தனியாக எழுதியிருக்கிறோம்.

படிப்புக்கு ஏற்காடு பெயர் போனது. தேவாலயத்தார் 1894இல் பெண்களுக்கும், 1917இல் பையன்களுக்கும் தொடங்கிய பெரிய பள்ளிக்கூடங்கள் அங்கே இருக்கின்றன. தூர தேசத்துச் செல்வந்தர்களின் பிள்ளைகளும் வந்து படிக்கிறார்கள். மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அரசாங்கப் பள்ளிகளும், பழங்குடியினருக்கென்று ஏற்பட்ட உண்டு உறைவிடப் பள்ளிகளுமே. ஒரே மூடுபனிக்குள் இரண்டு வகைப் பள்ளிமணி அடிக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்திய தேசத்திலேயே வழிகாட்டியாக, ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலாகச் செய்துபார்த்தது இந்தச் சேலம் ஜில்லாவில்தான். உழைப்பாளி வீட்டு வரவு செலவில் எந்த ஓட்டையை முதலில் அடைக்கவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. 1971இல் அந்த அடைப்பைத் திறந்தார்கள். 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து நடத்துகிறது. மலைமேல் ஏறும் சாமான்களில் அதுவும் ஒன்று.

நிலத்தைப் பற்றி வாசகர்கள் ஆவலோடு காத்திருப்பார்கள். விலையைச் சொல்லப்போவதில்லை, அது பஸ் கட்டணத்தைவிட வேகமாக மாறுகிற சரக்கு. ஆனால் விலை பேசுமுன் தெரிந்துகொள்ளவேண்டியவை உண்டு. ஏழைகளுக்கும் மலைவாசிகளுக்கும் அரசாங்கம் நிபந்தனையோடு ஒப்படைத்த நிலத்தை வாங்கினால், வாங்கினவருக்குப் பத்திரம் மிஞ்சலாமேயன்றி நிலம் மிஞ்சாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த உரிமை வம்சத்துக்கு வருமே ஒழிய விற்பனைக்கு வராது. இவற்றுக்குப் புறம்பான பட்டா நிலம் கிடைக்கிறதென்றால், அதை விற்கிறவன் ஏன் விற்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவேண்டும். பெண்ணின் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக் கடனுக்கோ விற்பான். விற்ற பணம் இரண்டு வருஷத்தில் கரைந்துபோகும். அதற்குள் பக்கத்து நிலத்தின் விலை அவன் பிள்ளைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அமெரிக்காவில் கொலராடோ மலைகளில் ஆஸ்பென் என்ற உல்லாச நகரம் இருக்கிறது. அங்கே அறையைப் பெருக்குகிறவரும் ரொட்டி சுடுகிறவரும் அந்த ஊரில் வாடகை கொடுக்க முடியாமல், பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியிலிருந்து தினந்தோறும் நெடுந்தூரம் ஏறி வந்து வேலை செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். சேர்வராயன் மலையில் அந்த நிலைமை இன்னும் வரவில்லை. வருகிற பாதை மட்டும் போட்டாகிவிட்டது என்றே தோன்றுகிறது.

அப்படியானால் செம்மநத்தத்தில் குடியேறவே கூடாதா என்று கேட்கலாம். மாதச் சம்பளமோ பென்ஷனோ கீழேயிருந்து வருகிறவருக்கு, நல்ல தேகமும் இருந்தால், செம்மநத்தம் வாழத் தக்க ஊர்தான், மலிவான ஊரும்கூட. அந்த ஊரிலேயே சம்பாதித்து அந்த ஊரிலேயே செலவழிக்கவேண்டியவருக்கு அது கிராக்கியான ஊர். முன்னவர் நிலம் வாங்காமல் முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். மலைக்காரரின் வீட்டுக்கு வாடகை கொடுப்பதனால் அந்த வீடு அவரிடமே தங்குகிறது. மாதா மாதம் ஒரு தொகையும் கிடைக்கிறது.

பார்க்கப் போவதற்கும் காலம் உண்டு. பங்குனி சித்திரையில் நல்ல மழை ஒன்று விழுந்தால், பத்து நாளைக்குள் காப்பிச் செடிகள் அத்தனையும் மல்லிகைப் பந்தலாகப் பூத்து, மலை முழுவதும் மணக்கும். அந்த வாரத்தில் நிலம் பார்க்கப் போகிறவர் முன்பணம் கொடுக்காமல் திரும்பமாட்டார். ஐப்பசி மழையில் போகவேண்டும். குடையோடு போய், இருட்டிய பிறகு கடைசி பஸ்ஸுக்காகக் கூலிக்காரர்களோடு சாலை ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கவேண்டும்.