புள்ளி வைத்த பெயர்

போன மாதம் ஓர் ஆன்லைன் விண்ணப்பத்தில் என் பெயரை அடித்தேன். ‘செல்லாத பெயர்’ என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. இனிஷியலுக்குப் பின்னால் வைத்த புள்ளிதான் குற்றவாளி. நாற்பது சொச்சம் வருஷமாகச் செல்லுபடியான பெயர்!

கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் மகளிடம் புலம்பினேன். “இதுக்கேவா? புரோகிராம் எழுதறப்ப நாங்க தினமும் வாங்கற திட்டுப்பா இது” என்றாள்.

விஷயம் இதுதான். புரோகிராமில் வரும் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பெயர் வைக்கவேண்டும், பேரேட்டில் கணக்குத் தலைப்பு எழுதுகிற மாதிரி. பி.காம். படித்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. வைக்கிற பெயர் செல்லுமா என்று சோதிக்க, பைத்தான் மொழியில் ‘இஸ்ஐடென்டிஃபையர்’ என்றே ஒரு வசதி இருக்கிறது. 2008-ல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து தமிழ்ப் பெயரும் வைக்கலாம்.

நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். ‘வரவு’ செல்லும். ‘2வரவு’ செல்லாது, எண்ணில் தொடங்கக் கூடாது. ‘கை இருப்பு’ செல்லாது, நடுவில் இடைவெளி. அடிக்கோடு போட்டு ‘கை_இருப்பு’ என்றால் செல்லும்.

“தமிழ்னு போடு!”

செல்லும். எனக்கு ஒரே குஷி.

“இருங்க, ‘கோ’வுல போட்டுக் காட்டறேன்” என்றாள். 2009-ல் கூகுள் வெளியிட்ட மொழி. அங்கே ‘தமிழ்’ செல்லவில்லை.

எழுத்து, எண், அடிக்கோடு. இவை மட்டும்தான் பெயரில் வரலாம் என்பது கோவின் விதி. சரி, ‘மி’ எழுத்துதானே? நமக்கு அது ஓர் எழுத்து. யூனிகோடில் ‘ம’ தனி, மேலே போடும் கொக்கி தனி. கொக்கி, கால், புள்ளி எல்லாம் அங்கே வெறும் குறிகள். எழுத்துக் கணக்கில் வராது. குறிகளைக் கழித்துவிட்டு ‘தமழ’ என்று அடித்தாள்.

செல்லும்!

யாருடைய சதியும் இல்லை. விதி எளிமையாக இருக்கட்டும் என்று தெரிந்தே எடுத்த முடிவு. தேவநாகரி போன்றவை இதனால் விடுபட்டுப்போகும் என்று அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். எளிமை நல்லதுதான். ஆனால் அதற்கான செலவை யார் கணக்கில் பற்று எழுதுகிறோம் என்றும் பார்க்கவேண்டும், இல்லையா?

விண்ணப்பத்தில் புள்ளியை எடுத்துவிட்டேன். உடனே ஏற்றுக்கொண்டது.

உங்கள் பெயரில் புள்ளி உண்டா? கால், கொம்பு, கொக்கி? எல்லாவற்றையும் கழித்துவிட்டு, ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.