நஞ்சுக்கொடி சொன்ன பதில்

'பிளசன்டா'வுக்குத் தமிழில் என்ன? வானொலியில் மருத்துவ நேரம் நடத்தும் எனக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. ஒருமுறை 'நஞ்சுக்கொடி' என்று சொன்னதும், "ஏம்மா, பிள்ளைக்குச் சோறு போடுற உறுப்புக்குப் போயி நஞ்சுன்னா பேரு வைப்பாங்க?" என்று நேயர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தோட்டத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள், குழந்தை பிறந்த கையோடு "நஞ்சு விழுந்துச்சா?" என்றுதான் கேட்பார்களாம். அது வெளியே வராமல் உள்ளே தங்கிவிட்டால் இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் தாயின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். என் பாட்டி சொன்ன பெயர்க்காரணம் அது. மலாய்க்காரர்கள் அதை 'ஊரி' என்பார்கள். கழுவி, மரியாதையோடு மண்ணில் புதைப்பார்கள்.

எங்கள் குடும்பம் அந்த உறுப்பைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொண்டது ஓர் இழப்புக்குப் பிறகுதான். அண்ணியின் அனுமதியோடு இதை எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அண்ணி முதல் குழந்தையைச் சுமந்திருந்தார். 25ஆவது வாரத்தில் இரண்டு நாள் லேசான காய்ச்சல், அடிவயிற்றில் ஒரு கனம். மூன்றாம் நாள் விடியற்காலையில் பனிக்குடம் உடைந்தது. பெண் குழந்தை. நான்கு மணி நேரம்தான் இருந்தாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் காரணத்தையும் கையோடு கொண்டு வந்தார்கள். "அன்னாசிப்பழம் சாப்பிட்டியாமே?" என்றார் பெரியம்மா. "எல்.ஆர்.டி. ஸ்டேஷன் படியில தெனமும் ஏறி இறங்குனா வயிறு தாங்குமா?" என்றார் அத்தை. கிரகணத்தன்று வெளியே போனதைக்கூட ஒருவர் நினைவுபடுத்தினார். அண்ணி யாருக்கும் பதில் சொல்லவில்லை. இரவில் மட்டும் என்னிடம், "நீ சொல்லு, நெசமாவே நான்தான் காரணமா?" என்று கேட்பார்.

பதில் ஆறு வாரம் கழித்து வந்தது. பிரசவம் முடிந்ததும் மருத்துவமனையில் நஞ்சுக்கொடியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அறிக்கையில் 'கோரியோஅம்னியோனைட்டிஸ்' என்று இருந்தது. பனிக்குடச் சவ்விலும் நஞ்சுக்கொடியிலும் தொற்றினால் உண்டாகும் அழற்சிக்கு அந்தப் பெயர். பிறப்புறுப்பில் சாதாரணமாக வாழும் கிருமிகள் சில நேரம் கருப்பை வாய் வழியாக மேலே ஏறிவிடுகின்றன. உடல் அவற்றோடு போராடும்போது சுரக்கும் பொருள்கள் சவ்வை நலிய வைக்கின்றன, பிரசவ வலியையும் முன்கூட்டியே தூண்டிவிடுகின்றன. மிகச் சீக்கிரமே நேரும் குறைப்பிரசவங்களுக்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று.

"நீங்க சாப்பிட்டதாலயும் இல்ல, நடந்ததாலயும் இல்ல" என்று மருத்துவர் சொன்னார். அன்றைக்குத்தான் அண்ணி வாய்விட்டு அழுதார். அண்ணன் அந்த அறிக்கையைப் பெரியம்மா வீட்டுக்கே கொண்டு போனார். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். "இப்படியும் இருக்காம்மா?" என்று கேட்டார் பெரியம்மா. அதன் பிறகு அன்னாசிப் பேச்சு எழவில்லை.

நிறைமாதத்தில் நஞ்சுக்கொடி ஏறக்குறைய அரைக்கிலோ எடை இருக்கும். தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் கலக்காமலே பிராணவாயுவும் உணவும் அதன் வழியாகப் போகின்றன. கழிவு திரும்பி வருகிறது. பல கிருமிகளை அது தடுத்துவிடும். சில கிருமிகளோ அதையே தாக்குகின்றன.

நம் முன்னோர் ரப்பர் தோட்டங்களில் பட்ட மலேரியா அப்படிப்பட்டது. 'பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம்' என்ற ஒட்டுண்ணி புகுந்த இரத்த அணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். தாய்க்கு இரத்தசோகை, பிள்ளைக்கு எடைக்குறைவு, சில நேரம் வயிற்றிலேயே மரணம். "பிள்ளை தங்கல" என்று ஒரே வரியில் முடிந்துபோன தோட்டத்துக் கதைகளில் எத்தனைக்கு இது காரணமோ!

கோவிட் காலத்திலும் இதைப் பார்த்தோம். கோவிட் கண்ட தாய்மாருக்கு இறந்து பிறந்த, அல்லது பிறந்ததும் இறந்த 68 குழந்தைகளின் நஞ்சுக்கொடிகளை 12 நாடுகளிலிருந்து திரட்டி ஆராய்ந்த அறிக்கை 2022இல் வெளிவந்தது. சராசரியாக முக்கால் பங்குக்கு மேல் திசு சிதைந்திருந்தது. பிராணவாயு கிடைக்காமல்தான் அந்தப் பிள்ளைகள் போயின. அந்தத் தாய்மாரில் ஒருவர்கூடத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை.

படிக்கவே பயமாக இருக்கிறதா? நம் கையில் இருக்கும் பாதுகாப்பு எளிமையானது. நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு, எரிச்சலோ வலியோ இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். கர்ப்பத்தில் சிறுநீர்க்குழாய்கள் தளர்ந்துவிடுவதால் அது சிறுநீரகம் வரை ஏறுவது சுலபம். அங்கே போனால் கடும் காய்ச்சலும் குறைப்பிரசவமும் வரலாம். சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்துக் கண்டுபிடித்தால், கர்ப்பிணிக்கு ஏற்ற ஆன்டிபயாட்டிக் சில நாள்களில் தீர்த்துவிடும். நம் வீடுகளில் நீர்க்கடுப்புக்கு ஒரே பெயர் 'சூடு', ஒரே மருந்து பார்லித் தண்ணீர். பார்லி குடிக்கலாம், தவறில்லை. ஆனால் அது கிருமியைக் கொல்லாது.

அதேபோல், முதல் வருகையில் கிளினிக்கில் மிஸி எடுக்கும் இரத்தத்தில் சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டையும் பார்க்கிறார்கள். சிபிலிஸ் நஞ்சுக்கொடியை வீங்க வைத்துப் பிள்ளையையும் தாக்கக்கூடியது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டு நோய்களும் பரவுவதை ஒழித்த நாடாக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அறிவித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல் நாடு. ஆகவே "எனக்கு எதுக்கு இந்த டெஸ்ட்?" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

வேலைக்குப் போகும் கர்ப்பிணிகளே, 38 டிகிரி காய்ச்சலைப் பனடோல் போட்டு அடக்கிக்கொண்டு மீட்டிங்கில் உட்காராதீர்கள். முதுகுவலியோடு குளிர்காய்ச்சல், துர்நாற்றமான வெள்ளைப்படுதல், நீர் கசிவு, இரத்தம், இறுகிப்போன வயிறு, பிள்ளையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சாத பாலும் அதில் செய்த மென்மையான சீஸும் வேண்டாம். 'லிஸ்டீரியா' கிருமி தாய்க்கு வெறும் சளிக்காய்ச்சல் போலத் தோன்றி, நஞ்சுக்கொடியில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும்.

அண்ணி மறுபடி கருவுற்றபோது அந்த அறிக்கையைத்தான் முதலில் மருத்துவரிடம் நீட்டினார். தொடக்கத்திலேயே சிறுநீர்ப் பரிசோதனை, கருப்பை வாயின் நீளத்தை அளக்க அடிக்கடி ஸ்கேன் என்று கவனமாகப் பார்த்தார்கள். மகனுக்கு இப்போது நான்கு வயது.

குழந்தையை இழந்த வீட்டில், நஞ்சுக்கொடியைப் புதைக்கக் கொண்டு போகும் முன், அதை ஆய்வுக்கு அனுப்ப முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த கர்ப்பத்துக்கு அது வழிகாட்டும். துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் காரணம் தேடும் வேலையை ஆய்வுக்கூடத்துக்கு விட்டுவிடுங்கள். ஒரு பிளாஸ்க்கில் காப்பி கொண்டு போங்கள். அவர் பேசினால் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.