பட்டியலில் இல்லாத எண்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு மாலை. மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள ஒரு மீனவக் கிராமத்தின் வாசிகசாலைக்கு, சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற இருந்த மாணவி ஒருத்தி, பழைய துணிப்பைக்குள் ஒரு டெப்பை வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "சேர், அப்டேட் போட்ட பிறகு வைஃபை ஒழுங்கா நிக்குதில்லை. நான் பிழையா ஒண்டும் செய்யேல்லை, சேர்" என்றாள். பழுது இன்னதென்று முழுவதும் சொல்லுமுன்னரே தான் குற்றமற்றவள் என்று சொல்லிக்கொள்ளும் அந்த இரண்டாவது வாக்கியம் எமக்குப் புதிதன்று. வைத்தியசாலையிலும் வங்கியிலும் கச்சேரியிலும் எம்மவர் தமது பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் அந்த வாக்கியத்தோடுதான்.

அந்த நாட்களை வாசகர் மறந்திருக்க மாட்டார். அந்நியச் செலாவணி வற்றிப்போனதால் கடதாசிக்குத் தட்டுப்பாடு உண்டாகி, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் அம்மாதத்திலே பிற்போடப்பட்டிருந்தன. மண்ணெண்ணெய் கிடையாமையால் படகுகள் மணலில் கிடந்தன. மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு. அன்றிரவுதான் மிரிஹானையில் மக்கள் வீதிக்கு இறங்கினர். எமது தீவின் தென்கரையில், 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட 'தம்பபவனி'யின் முப்பது காற்றாலைகள், ஏறத்தாழ 100 மெகாவாட் மின்சாரம் தரவல்லவை, வானளாவ நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் போத்தல் விளக்குக்கும் எண்ணெய் இல்லை. பங்குனியில் காற்றுக் குறைவு என்பதையும், அங்கே பிறக்கும் மின்சாரம் நாட்டின் பொதுக் கம்பியில் கலந்துவிடுகிறது என்பதையும் நாம் மாணவருக்கு விளக்கியதுண்டு. விளக்கம் சரியானதே. இருட்டிலிருந்து கேட்டவர்களுக்கு அது எப்படியிருந்ததோ, அறியோம்.

கடதாசி அருமையாகிவிட்ட அக்காலத்தில், கடந்தகால வினாத்தாள்களைப் பிரதியெடுத்துப் படிப்பது பணமுள்ள வீட்டின் காரியமாயிற்று. ஏனையோர் அவற்றைத் திரையிலே படித்தனர். இந்தப் பிள்ளையின் டெப், கட்டாரில் கூலிவேலை செய்யும் தாய்மாமன் 2019இல் அனுப்பியது. பெருந்தொற்றுக் காலத்தில் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது அவளும் தம்பியும் அதிலேதான் பாடம் கேட்டனர். பரீட்சை மே 23ஆம் திகதி தொடங்க இருந்தது. வீட்டில் டேட்டாவுக்கு ரீலோட் செய்யப் பணமில்லை. ஆகவே வாசிகசாலையின் இணைப்பே அவளது வினாத்தாள், விடைத்தாள், ஆசிரியர் எல்லாம்.

அவளுடைய திரையில் சில நாட்களாகவே ஓர் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதில் 'பாதுகாப்பு' என்ற பொருளுடைய சொல் ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கிற்று. பாதுகாப்பு என்றால் நல்லதுதானே என்று அழுத்திவிட்டாள். ஒரு ஜிகாபைட்டுக்கும் மேலான பொதி எமது மாதாந்தப் பங்கிலிருந்து இறங்கியது. கருவி இருமுறை அணைந்து எழுந்தது. பின்னர் வைஃபை விட்டுவிட்டு வரத் தொடங்கியது. அப்டேட் செய்வதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. பழைய மென்பொருளில் உள்ள ஓட்டைகளை அடைக்க அது வேண்டும். ஆனால் என்ன மாறப்போகிறது என்பதை, அதை வைத்திருப்பவளுக்கு விளங்கும் மொழியில் யாரும் சொல்லவில்லை. தோணியின் அடிப்பலகையை மாற்றுகிறவன் தோணிக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றுவானா?

இத்தகைய வேளைகளில் எமக்கு ஒரு சிறு பெருமை உண்டு. கிராமத்தில் இந்தக் கருவிகளின் குணம் அறிந்தவர் எனப் பெயர் பெற்றவர் நாம். முதலில் வேறொரு கைபேசியில் இணைப்பு வருகிறதா என்று பார்த்தோம்; வந்தது. ரவுட்டரை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் போட்டோம். டெப்பின் திகதியையும் நேரத்தையும் சரிபார்த்தோம். கடிகாரம் பிசகிய கருவி, இணைப்பிருந்தும் இணையத்தளங்களைத் திறக்க மறுக்கும். சுவருக்கு அப்பாலிருந்த பிள்ளையை ரவுட்டரின் அருகே இருத்தினோம். வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலை விரைவானதாயினும் சுவரைக் கடக்க வலுவில்லாதது, 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை அதனிலும் தூரம் போகும். இவை எல்லாம் முறையான காரியங்களே. பயன் தராதபோது, எல்லோரும் செய்வதை நாமும் செய்தோம்: சேமித்து வைத்திருந்த இணைப்பை டெப் 'மறந்துவிட'ச் செய்து, கடவுச்சொல்லைப் புதிதாக இட்டுச் சேர்க்க முயன்றோம்.

அதன் பின்னர் விட்டுவிட்டு வந்த இணைப்பும் போயிற்று. கடவுச்சொல்லைச் சரிபார்த்து மீண்டும் முயலும்படி திரை சொன்னது. சரிபார்த்தோம். மூன்று முறை, எழுத்தெழுத்தாக, பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லி நாமே இட்டோம். திரை அதையே சொன்னது. கரண்டும் போய்விட்டது. "நாளைக்கு வா பிள்ளை" என்று அனுப்பினோம். போகும்போது அவள் மீண்டும் சொன்னாள்: "நான் ஒண்டும் செய்யேல்லை, சேர்." இம்முறை அவள் முற்றிலும் உண்மையைச் சொன்னாள் என்பது எமக்கு அப்போது தெரியாது.

மறுநாட் காலை அவளது தகப்பனார் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கடலுக்குப் போக எண்ணெய் இல்லாத நாளில் வேறென்ன வேலை? எல்லை தாண்டி வரும் இழுவைப்படகுகள் கிழித்துச் சென்ற வலை அது. அக்கரையிலும் கூலிக்கு அப்படகில் ஏறுகிறவன் எம்மைப்போல் ஒரு ஏழைத் தமிழன்தான் என்பது இந்தக் கதையின் வேறொரு கொடுமை. டெப்பை வாங்கி, கைகளைச் சாரத்தில் துடைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க கிழிஞ்சிருக்கு, சேர்?" என்று கேட்டார்.

எம்மிடம் விடை இருக்கவில்லை. அவர் கேட்டதில் கேலி இல்லை. வலையில் பழுதென்றால் எந்தக் கண்ணில் என்று விரல் வைத்துக் காட்டலாம். நூலும் ஊசியும் இருந்தால் உடையவனே பொத்தலாம். தகப்பன் பொத்துவதைப் பார்த்து மகன் பழகலாம். இந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் எதையும் தொட்டுக் காட்ட முடியவில்லை. அது காட்டிய ஒரே இடம், பிள்ளை இட்ட கடவுச்சொல்.

அன்று மாலை கரண்ட் வந்ததும், அந்த மாதத்துக்கு எஞ்சிய டேட்டா எவ்வளவு என்று பார்ப்பதற்காகவே ரவுட்டரின் உட்பக்கத்தைத் திறந்தோம். அங்கே, அனுமதி மறுக்கப்பட்ட கருவிகளின் பதிவில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரே எண் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நேரத்தைப் பார்த்தோம். பிள்ளை வெளித்திண்ணையில் உட்கார்ந்து முயன்றுகொண்டிருந்த நேரமும் அதுவே.

வைஃபையில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் பன்னிரண்டு இலக்கமும் எழுத்தும் கலந்த ஓர் எண் உண்டு. அதன் முற்பாதி, செய்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. பிற்பாதி, அந்நிறுவனம் தனித்தனிக் கருவிக்கு இடுவது. கடைத்தொகுதிகளிலும் விமான நிலையங்களிலும் இந்த எண்ணைப் பிடித்து, இன்னார் இன்ன நேரத்தில் இங்கே நடந்தார் என்று பின்தொடர்ந்து கணக்கு வைக்க முடியும் என்பதால், கருவி தன் சொந்த எண்ணை மறைத்து ஒரு புனைவெண்ணைச் சொல்லும் ஏற்பாடு வந்தது. 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10இல் அதுவே வழமையாயிற்று. 2020இல் ஐஓஎஸ் 14இலும் வந்தது. நல்ல ஏற்பாடு, நாம் அதை வரவேற்கிறோம். புனைவெண்ணை அடையாளம் காண்பதும் எளிது: இரண்டாம் இடத்தில் 2, 6, ஏ, ஈ என்னும் நான்கில் ஒன்று நிற்கும். கதவைத் தட்டிக்கொண்டிருந்த எண்ணின் இரண்டாம் இடத்தில் 'ஏ' இருந்தது.

இங்கே ஒரு நுட்பம். ஆண்ட்ராய்டு 10க்கு மாறும் கருவி, முன்னர் சேமித்து வைத்த இணைப்புகளில் தன் பழைய எண்ணையே சொல்லும். புதிதாகச் சேர்க்கும் இணைப்பில்தான் புனைவெண். அதாவது, அப்டேட் அவளை வெளியே தள்ளவில்லை. முதலில் இருந்தது ஓர் அற்பத் தடுமாற்றம். 'மறந்துவிடு' என்று நாம் கட்டளையிட்ட கணத்திலேதான் அவள் அந்நியளானாள்.

ஆனால் அந்நிய எண்ணை எமது ரவுட்டர் ஏன் மறுக்க வேண்டும்? அதற்கும் காரணம் நாமே. 2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில் கடவுச்சொல் ஊரெல்லாம் பரவி, இரவில் வாசிகசாலைச் சுவரோரம் இளைஞர் வரிசையாகக் குந்தியிருந்து படம் பார்த்தனர். மாதம் பத்தாந் திகதிக்குள் டேட்டா தீர்ந்தது. நிருவாகக் குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது: படிக்கும் பிள்ளைகளின் கருவி எண்களைப் பட்டியலிட்டு, பட்டியலில் இல்லாத எதனையும் ரவுட்டர் சேர்க்காதபடி செய்வது. முன்வைத்தவர் நாம். எதிர்ப்பு எழவில்லை. இருபத்துமூன்று எண்களை நாமே எம் கையால் இட்டோம். படிப்பவர், படிக்காதவர் என்று ஊரை இரண்டாகப் பிரித்து, அதைச் சீர்திருத்தம் என்று குறிப்பேட்டிலும் எழுதினோம்.

எண் இட்டு மனிதரைச் சேர்ப்பதும் நீக்குவதும் இந்தக் கரைக்குப் புதிய செய்தியன்று. தலைமன்னார் வழியாகத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளருக்கு, தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் பொறித்த தகரத் துண்டு ஒன்று கொடுக்கப்பட்ட காலம் உண்டு. அவர்களது சந்ததியாரிற் பெரும்பாலோரை 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இன்னொரு பட்டியலிலிருந்து நீக்கிற்று. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத்தார் நடந்த நடைபயணத்தை நினைக்கும்போதெல்லாம் எமக்கு அந்தத் தகரத் துண்டு நினைவுக்கு வருகிறது. ஒரு வாசிகசாலை ரவுட்டரை அந்த வரலாற்றோடு ஒப்பிடுவது மிகை என்று நண்பர்கள் சொல்வர். மிகைதான். ஆனால் அன்று மாலை திரையில் அந்த எண் மீண்டும் மீண்டும் வந்து திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்த எமக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

டெப்பின் வைஃபை அமைப்புக்குள், எமது இணைப்பின் பெயரைத் தொட்டு, தனியுரிமை என்னும் இடத்தில் கருவியின் சொந்த எண்ணையே பயன்படுத்துமாறு மாற்றினோம். இரண்டு நொடியில் இணைந்தது. பிள்ளை கணித வினாத்தாள் ஒன்றை இறக்கிக்கொண்டாள். விடயம் முடிந்தது என்று நாம் எண்ணி எழுந்தோம். செய்ததை அவளுக்கு விளக்கிச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்ப மற்றப் பிள்ளையளும் இதாலதான் வராமல் விட்டவையோ, சேர்?" என்றாள்.

அதற்குப் பின்னர்தான் பதிவை முழுவதும் வாசித்தோம். மறுக்கப்பட்ட எண்கள் வேறும் இருந்தன. வரவுப் புத்தகத்தை அருகில் வைத்துப் பார்த்தோம். பட்டியலில் இருந்த இருபத்துமூவரில் எழுவர் சில மாதங்களாக வாசிகசாலைப் பக்கம் வரவில்லை. படிப்பில் அக்கறை குறைந்துவிட்டது என்று அவர்களைப் பற்றி ஆசிரியர் ஓய்வறையில் பேசியிருக்கிறோம். பெருந்தொற்று பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று கூடச் சொல்லியிருக்கிறோம்.

ஒவ்வொரு வீடாகப் போனோம். ஒருவன் உண்மையிலேயே படிப்பை விட்டுவிட்டு மீன்வாடியில் வேலைக்குப் போய்விட்டான். இருவர் புதுக் கைபேசி வாங்கியிருந்தனர். அதன் எண் எம்மிடம் இல்லை. மூவரின் கருவிகள் அப்டேட் ஆனபின் யாரோ சொல்லக் கேட்டு இணைப்பை 'மறந்து' மீண்டும் சேர்க்க முயன்று தோற்றவை. ஏழாமவன் ஒரு சிறுவன், பத்தாம் வகுப்பு. அவனுடைய தாய் எம்மைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய், கடதாசியில் மடித்த நூறு ரூபா நோட்டுகள் சிலவற்றைக் கொண்டுவந்து நீட்டினாள். எட்டு மாத வாசிகசாலைச் சந்தா பாக்கியாம். அதனால்தான் பிள்ளைக்கு வைஃபையை நாம் நிறுத்திவிட்டோம் என்று அந்த வீடு நம்பியிருந்தது. எம்மைக் குறை கூறவும் இல்லை. "நீங்கள் செய்தது நியாயந்தானே, சேர். காசு கட்டாமல் எப்பிடித் தாறது?" என்றாள்.

அந்தப் பணத்தை வாங்கவில்லை என்பதைத் தவிர அன்று நாம் செய்ததாகச் சொல்ல எதுவுமில்லை. அந்த வீட்டுக்காரி எம்மை எவ்வளவு சரியாக அறிந்து வைத்திருக்கிறாள் என்ற எண்ணம் திரும்பும் வழியெல்லாம் கூடவே வந்தது. நாம் அப்படிச் செய்யவில்லை. ஆனால் செய்யக்கூடியவர் என்று நம்புவதற்கு அவளுக்கு முகாந்திரம் இருந்தது.

ஏப்ரல் முதல் வாரக் குழுக் கூட்டத்தில் பட்டியலை நீக்கும்படி கேட்டோம். டேட்டா மீண்டும் தீர்ந்துபோகும் என்று பொருளாளர் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. நெடுநேரம் வாதம் நடந்தது. சுவரோரம் குந்தியிருக்கும் இளைஞரையும் அழைத்துப் பேசுவதென்றும், கரண்ட் இருக்கும் மணிகளில் பரீட்சைப் பிள்ளைகளுக்கு முதலிடம் என்றும், மிகுதி நேரம் எல்லோருக்கும் என்றும் முடிவாயிற்று. இளைஞர் இருவர் ரவுட்டரின் உட்பக்கத்தைத் திறக்கப் பழகிக்கொண்டனர். அவர்களில் ஒருவன் எம்மை விடக் கெட்டிக்காரன். திரையில் வரும் ஆங்கில அறிவிப்புகளைத் தமிழில் எழுதி, எதற்கு என்ன செய்வது என்பதையும் சேர்த்து அவன் சுவரில் ஒட்டினான். 'மறந்துவிடு' என்பதற்கு நேரே சிவப்பு மையில் 'கேட்டுவிட்டுச் செய்யவும்' என்று எழுதியிருந்தான்.

அந்த மாதம் டேட்டா பத்தொன்பதாந் திகதி தீர்ந்தது. இருபதாந் திகதி மாலை அந்தப் பத்தாம் வகுப்புச் சிறுவன் முதன்முறையாகத் திரும்பி வந்தான். இணைப்பு இல்லை என்று சொன்னோம். பரவாயில்லை என்று சொல்லி, அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு சன்னலருகே உட்கார்ந்தான். சிறிது நேரம் கழித்து எழுந்து வந்து, சந்தா கட்டாமல் புத்தகம் வாசிக்கலாமா என்று கேட்டான்.